அவள் கேட்காத கடன்

தெருவில் அவளுக்குப் பல்லக்கா என்று பெயர். பல் டாக்டர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்துக் கட்டுப்பல் செய்வது தொழில். மாடிப்படிக்குக் கீழே ஒரு குறுகிய அறை. அதில் மெழுகு, ஜிப்சம் மாவு, மெருகு போடும் சக்கரம், சுவரெல்லாம் இளித்துக்கொண்டிருக்கும் பல்வரிசைகள். இல்லாதது ஒன்றே ஒன்று, பீங்கான் பல்லைச் சுடும் உலை. அதற்காக வாரம் இரண்டு தடவை பஸ் ஏறிப் போய், இன்னொருவர் உலையை வாடகைக்குப் பிடித்துக் காத்துக் கிடக்க வேண்டும்.

சொந்த உலை வாங்கலாம் என்று வங்கிக்குப் போனாள். பத்தொன்பது வருடத் தொழிலில் யாரிடமும் கை நீட்டியதில்லை என்று பெருமையோடுதான் சொன்னாள்.

கடன் பிரிவில் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

“உங்களுக்குக் கடன் ஸ்கோரே இல்லையே மேடம்.”

“கடனே வாங்கலை, எங்கேருந்து வரும்? அது நல்லதுதானே?”

“நல்லதுன்னும் தெரியாது, கெட்டதுன்னும் தெரியாது. பரீட்சையே எழுதாதவங்களுக்கு என்ன மார்க் போடறது?”

அந்தப் பெண்ணே வழியும் சொன்னாள். கொஞ்சம் பணத்தை வைப்பாகப் போட்டு, அதன் பேரில் ஒரு சின்ன கடன் அட்டை வாங்க வேண்டும். அதன் வரம்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தொடக் கூடாது. கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட வேண்டும். ஆறேழு மாதத்தில் ஸ்கோர் எண் வரும்.

“நாலு இடத்துல போய் கடன் கேட்காதீங்க. கேட்டாலே பதிவாகும், எண் இறங்கும். நீங்களா உங்க கடன் அறிக்கையைப் பார்த்தா ஒண்ணும் ஆகாது.”

செல்போன் வேலையெல்லாம் கணவர்தான் செய்து கொடுத்தார். மருந்து வண்டி ஓட்டுகிறவர், ஊரெல்லாம் சுற்றுகிறவர், இந்த மாதிரி விஷயங்களில் கெட்டிக்காரர். பல்லை மெருகேற்றி மெருகேற்றி அவள் விரல்ரேகை தேய்ந்துவிட்டது. போன் அவள் விரலை நம்பாது. அதனால் நாலு எண் பூட்டுதான். அந்த எண்ணும் அவர் வைத்ததே.

அட்டையில் மெழுகும் மாவும் மட்டும் வாங்கினாள். மாதம் பிறந்து ஐந்தாம் தேதிக்குள், அவர் கொண்டுவந்து தரும் சம்பளத்திலிருந்து கட்டினாள். ஏழாவது மாதம் எண் வந்தது. எழுநூற்று நாற்பத்திரண்டு.

“நம்ம வீட்லயே மார்க் வாங்கினவ நீதான்” என்றார் கணவர். போனைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூன்று இலக்கத்தைப் படிக்க அவ்வளவு நேரம் தேவையில்லை.

அடுத்த மாதம் அது எழுநூற்றுப் பத்தொன்பது ஆனது. அதற்கடுத்த மாதம் அறுநூற்று எண்பத்தெட்டு. ஒரு நாள்கூடத் தவணை தப்பவில்லையே என்று ரசீதுகளை எடுத்துத் தேதி சரிபார்த்தாள்.

வேறு சிலதும் கண்ணில் பட்டன. தெரியாத எண்களிலிருந்து அழைப்பு வரும். அவள் எடுப்பதற்குள் அவர் எடுத்து, “ராங் நம்பர்” என்று வைத்துவிடுவார். அவருடைய செருப்பு இரண்டும் குதிகாலில் ஓட்டையாகியிருந்தன. வண்டியில் உட்கார்ந்து போகிறவருக்குச் செருப்பு ஏன் தேய்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. மெருகுச் சக்கரத்தின் இரைச்சலில் அந்த நினைப்பும் போய்விட்டது.

வங்கிப் பெண்ணிடம் போனில் கேட்டாள்.

“யாரோ உங்க பேர்ல கடன் கேட்கறாங்க போல. எண்ணை மட்டும் பார்க்காதீங்க, அறிக்கையை முழுசா இறக்கிப் படிங்க” என்றாள் அந்தப் பெண்.

கடைத்தெருவில் அச்செடுத்து வந்து, வேலை மேசையில் விரித்துப் படித்தாள். அவள் பெயரில் ஒன்பது விண்ணப்பங்கள். அதில் மூன்று கடனாகவே ஆகியிருந்தன. காதில் கேட்டறியாத கம்பெனிகள். ஒன்றில் தவணை தவறிப் பன்னிரண்டு நாள். முகவரி அவளுடையது, போன் எண்ணும் அவளுடையதே. தேதிகளை நாட்காட்டியோடு ஒத்துப் பார்த்தாள். ஒன்பதும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறன்றுதான் அவள் மாவுத் தூசி தட்டி அறையைக் கழுவுவாள். தூசி பட்டால் கெட்டுப்போகும் என்று போனை வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வருவாள். வீட்டுக்குள் அவரைத் தவிர யாரும் இருக்கமாட்டார்கள்.

மதியம் மருந்துக் கிடங்குக்குப் போனாள். வாசலில் இருந்த காவல்காரர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

“அவரா? வேலையை விட்டு நின்னு ரெண்டு மாசம் ஆச்சேம்மா. வண்டியையே வித்துட்டாங்க. உங்ககிட்ட சொல்லலையா?”

சாயங்காலம் அவர் வழக்கம்போல் சீருடையில் வந்தார். “இன்னிக்கு ரூட்டு ரொம்ப நீளம்” என்று செருப்பைக் கழற்றினார். அவள் காகிதத்தை அவர் முன் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“என் பேர்ல கேட்டேன், தரலை” என்றார். “பழைய பாக்கி இருக்கு. உன் பேரு புதுசு, சுத்தமா இருந்துச்சு. ரெண்டு நிமிஷத்துல தந்துட்டான்.”

“வாங்கின பணம் எங்கே?”

“மாசாமாசம் உன் கையிலதானே கொடுத்தேன்.”

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. இரண்டு மாதமாக அவள் சம்பளம் என்று எண்ணி வாங்கியது அவள் பெயரிலேயே வாங்கிய கடன். அட்டைக்குக் கட்டியதும் அதிலிருந்துதான். உள்ளே போய்ப் போன் பூட்டின் எண்ணை மாற்றினாள்.

வங்கிப் பெண் மறைக்காமல் சொன்னாள். “நான் வாங்கலைன்னு புகார் கொடுத்தா, விசாரிச்சு உங்க பேர்லேருந்து எடுப்பாங்க. ஆனா யார் வாங்கினதுன்னு போலீஸ் கேட்கும். இல்லேன்னா நீங்களே கட்டி முடிக்கணும். தவறின தவணை சில வருஷம் அறிக்கையில நிக்கும்.”

மூன்று நாள் யோசித்தாள். பிறகு உலைக்கு முன்பணமாகச் சேர்த்ததை எடுத்து இரண்டு கடனை அடைத்தாள். மூன்றாவதைத் தவணையில் கட்டுவதென்று முடிவானது. நடந்ததை அவர் கையாலேயே எழுதச் சொல்லி, தேதி போட்டுக் கையெழுத்தும் வாங்கினாள்.

“போலீசுக்கா?” என்றார்.

“இல்லை. இன்னொரு தடவை நடந்தா.”

அவருக்கு ஒரு சுமை இறக்கும் கூடத்தில் பாதிச் சம்பளத்துக்கு வேலை கிடைத்தது. எண் அறுநூற்றுப் பதினொன்று வரை இறங்கி, பிறகு ஆமை வேகத்தில் ஏறியது. உலைக்கு இன்னும் இரண்டு வருடமாவது ஆகும் என்றாள் வங்கிப் பெண். பஸ் பயணம் தொடர்ந்தது.

நாலு மாதம் கழித்து அறிக்கையில் பத்தாவது விண்ணப்பம் ஒன்று இருந்தது.

“சத்தியமா நான் இல்லை” என்றார் அவர். பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவர் குழாயை மூடினார். போன் இத்தனை நாளும் அவள் இடுப்புப் பையிலேயே இருந்தது. அது அவளுக்கும் தெரியும். இருந்தும் அன்று முழுக்க அவர் முகத்தை அவள் பார்க்கவில்லை. எழுதி வாங்கிய தாள் இருக்கிறதா என்று இரண்டு தடவை அலமாரியைத் திறந்து பார்த்தாள்.

அவள் எழுதிக் கேட்டிருந்த கம்பெனியிலிருந்து ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. பழைய விண்ணப்பம் ஒன்று தவறுதலாக இரண்டாம் முறை பதிவாகிவிட்டதாம். நீக்கிவிடுகிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

அவர் சொன்னது உண்மை. அதை அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு நாள் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. அடுத்த மாதம் அறிக்கை வந்தபோது, எண்ணைத் தாண்டிப் போய் முதலில் விண்ணப்பங்களின் பட்டியலைத்தான் விரல் வைத்துப் படித்தாள்.