எட்டாவது கால்

குறிஞ்சாக்கேணியில் கடலோரக் களப்பை ஒட்டிய சில வீடுகளில் பிள்ளைகள் ஓயாமல் சொறிகிறார்கள் என்று தகவல் வந்தது. தலைநகரிலிருந்து வந்திருந்த சுகாதார அதிகாரி பார்க்கப் போனார். வாகனத்தை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியைப் பாதி இறக்கி ஒரே ஒரு பிள்ளையின் கையைப் பார்த்தார்.

"சிரங்கு. சிற்றுண்ணிதான். ஊத்தை வீடுகளில வாறது."

கண்ணாடி மேலேறியது. அவ்வளவுதான் பரிசோதனை. அடுத்த நாளே பாடசாலை அதிபர் அந்தப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

நான் அந்த வாகனத்தின் பின் இருக்கையில் இருந்தேன். திருகோணமலையில் ஓர் ஆய்வுகூடத்தில் பூச்சிகளை நுணுக்குக்காட்டியில் பார்த்து இனங்காண்பது என் வேலை. அவர் சொன்னதற்குத் தலையாட்டியவளும் நான்தான்.

ஆனாலும் மனம் கேட்கவில்லை. சிரங்குச் சிற்றுண்ணி தோலைக் குடைந்து உள்ளே போவது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு என்று இடம் தேடும். அந்தப் பிள்ளையின் விரல் இடுக்குகளில் ஒன்றுமே இல்லை. தடிப்பெல்லாம் முன்கையிலும் முழங்காலுக்குக் கீழும்தான் இருந்தன. நாலாம் நாள் பஸ் ஏறித் தனியே போனேன்.

தையல் தைத்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் ஒரு பெண் முற்றத்தில் கொதிநீரில் உடுப்பு அவித்துக்கொண்டிருந்தார்.

"மூணு நாளா அவிக்கிறன் மிஸ். மெத்தையையும் எரிச்சிட்டன். இன்னும் என்ன ஊத்தை எங்களிட்ட இருக்கு?"

"பிள்ளையள் எப்ப கூடச் சொறியிறவை?" என்று கேட்டேன்.

"அஸர் தொழுகைக்குப் பிறகு கரையில விளையாடிட்டு வந்தாத்தான்."

அன்று மாலை களப்புக் கரையில், சேற்று மணம் வீசும் இடத்தில், முன்கையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கரித்தூள் போலப் பூச்சிகள் வந்து அமர்ந்தன. தீக்குச்சியால் சுட்ட மாதிரி எரிந்தது. அமர்ந்தவற்றைச் சின்னக் கண்ணாடிக் குழாய்களால் மூடிப் பிடித்தேன்.

காலையில் நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தபோது சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிற்றுண்ணிக்குத் தலை, மார்பு என்ற பிரிவு கிடையாது. ஒரே பை போன்ற உடம்பு. இறக்கையும் இல்லை, உணர்கொம்பும் இல்லை. வளர்ந்ததற்கு எட்டுக் கால்கள். என் முன்னால் கிடந்ததற்குத் தலை தனியே, கூன் விழுந்த மார்பு தனியே. கால்கள் ஆறு. வெளிறிய புள்ளிகள் கொண்ட இரண்டு இறக்கைகள் முதுகின் மேல் கத்தரிக்கோல் மடிந்தது போல ஒன்றன்மேல் ஒன்றாக. மணி கோத்த மாதிரி இரண்டு உணர்கொம்புகள். மனிதரைக் கடிக்கிற, நுளம்பை விடவும் சிறிய ஓர் ஈ வகை. ஈரச் சேற்றில் பெருகுவது. அவித்த உடுப்புக்கும் எரித்த மெத்தைக்கும் அதனோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் நுணுக்குக்காட்டியின் வில்லையைக் கீழே கீழே திருகி மாதிரியின் மேலேயே இடித்தார். மூடியிருந்த மெல்லிய கண்ணாடி வெடித்தது. இறக்கைகள் பிய்ந்து எங்கோ ஒதுங்கின. பிறகு ஆற அமரக் கால்களை எண்ணினார்.

"எட்டுக் கால். நான் சொன்னனான்தானே?"

"இல்லை சேர். முன்னுக்கு இருக்கிற ரெண்டும் உணர்கொம்பு. இறக்கை இப்பதான் பிய்ஞ்சது. வேற ஒண்டு வச்சுக் காட்டுறன்."

"பூச்சி பிடிக்கிறது உங்கட வேலை. முடிவு சொல்லுறது என்ர வேலை."

பட்டம் பெற்ற மனிதர். பாடசாலைப் பிள்ளை கூட ஊன்றி நிற்பதையும் நீட்டிக்கொண்டிருப்பதையும் பிரித்தறியும். அவருடைய படிப்பைப் பற்றி அன்றைக்கு எனக்கு ஏற்பட்ட அருவருப்பு எந்தப் பூச்சியைப் பார்த்தும் ஏற்பட்டதில்லை.

அவர் போனதும் மற்ற மாதிரிகளை வரைந்து, ஒவ்வொரு உறுப்பையும் குறித்து, என் கையொப்பத்தோடு எங்கள் சுகாதார அலுவலகத்தின் தலைமை வைத்தியரிடம் கொடுத்தேன். அந்த அம்மா மாதிரிகளையும் குனிந்து பார்த்தார். கால்களை எண்ணினார். அப்படியே அதிபருக்குத் தொலைபேசி எடுத்தார். திங்கட்கிழமை பிள்ளைகள் வகுப்பில் இருந்தார்கள். அதிகாரி தன் அறிக்கையில் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. சில மாதங்களில் இன்னும் பெரிய பதவிக் கதிரைக்குப் போய்விட்டார்.

நுணுக்குக்காட்டியைச் சுமந்துகொண்டு குறிஞ்சாக்கேணிக்கு மறுபடியும் போனேன். மாலையில் பிள்ளைகளுக்கு நீளக் கைச் சட்டை போடும்படியும், சின்னச் சின்ன ஓட்டைகள் கொண்ட நுளம்பு வலை கட்டும்படியும் சொன்னேன். பெண்கள் வரிசையாக வந்து பூச்சியைப் பார்த்தார்கள்.

"இந்தச் சனியனுக்கு இவ்வளவு வடிவான செட்டையா!" என்று இறக்கைகளைப் பார்த்து வியந்தார் ஒருவர்.

தையல்காரப் பெண் மட்டும் தன் வீட்டு வாசலிலேயே நின்றார்.

"நீங்களும் வந்து பாருங்கோ" என்றேன்.

"நான் என்னத்துக்கு மிஸ் பாக்கிற? நாங்க ஊத்தையில்ல எண்டு எங்களுக்கு முந்தியே தெரியும். தெரியாம இருந்தது உங்களுக்குத்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய் மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.