சோக் இழுத்த கை

இதைக் கதை என்று நினைத்துப் படிப்பவர்கள் தாராளமாகப் படியுங்கள், எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. அந்த வண்டிக்குள் உட்கார்ந்திருந்தவள் நான். என் மடியில் என் பெண் இருந்தாள். வண்டியை ஓட்டிய கோதண்டம் அண்ணன் இன்றும் கோவில்பதாகையில்தான் இருக்கிறார். போய்க் கேட்டுப் பாருங்கள். பேச்சை மாற்றிவிடுவார்.

என் வீட்டுக்காரர் கஜபதி சொந்தமாக வேன் வைத்து ஓட்டினார். பழைய ஸ்டாண்டர்டு வேன், மேலே கிரீம், கீழே நீலம். ஆவடி குவார்ட்டர்ஸ் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் விடுவார். பெட்ரோல் வண்டி என்பதால் சத்தம் மெத்தென்று இருக்கும். தெருமுனையில் திரும்பும்போதே எனக்குத் தெரிந்துவிடும், தட்டை எடுத்து வைப்பேன்.

வண்டியில் ஸ்டியரிங் பக்கத்தில், நடுவாக, ஒரு கறுப்புக் குமிழ் உண்டு. அதுதான் சோக். பனிக்காலத்தில் பெட்ரோல் எஞ்சின் சட்டென்று கிளம்பாது. அந்தக் குமிழை வெளியே இழுத்துவிட்டால் கிளம்பிவிடும். மற்ற டிரைவர்கள் வெடுக்கென்று முழுதாக இழுப்பார்கள். இவர் இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்து, மெதுவாக, பாதிதான் இழுப்பார். எங்கள் சுசீலா பக்கத்து சீட்டில் ஏறி நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம்பா" என்பாள். அவளுக்கு வயது ஆறு. அவள் என்றால் அவருக்கு உயிர்.

1987 ஆடி மாதம். வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அவ்வளவுதான். அழு, அழு என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அழுகை வரவில்லை. மரத்துப் போயிருந்தேன். சோறு வடித்தேன், சுசீலாவுக்குத் தலை பின்னினேன், கேட்டதற்குப் பதில் சொன்னேன்.

அவர் தம்பி சம்பத்துக்கு அம்பத்தூரில் மெக்கானிக் ஷெட். "அண்ணி, பெட்ரோல் ஊத்தி இனிமே கட்டுப்படி ஆவாது. டீசல் எஞ்சின் ஏத்திடலாம். கோதண்டம் அண்ணாத்தே ஓட்டட்டும்" என்றான். உன் இஷ்டம் என்றேன். அப்போதெல்லாம் பாதி வேன்களை அப்படித்தான் மாற்றினார்கள். ஒரு மெட்டடார் எஞ்சினைச் செயின் போட்டுத் தூக்கி, முன் சீட்டுகளுக்கு நடுவில் இறக்கினான். உடனே, யாரோ செத்த வண்டியின் எஞ்சின்தானே என்று கிளம்பாதீர்கள். ஒரு கம்பெனி வண்டியில் ஒழுங்காக ஓடிய எஞ்சின் அது. அதன்மேல் ஒரு குற்றமும் கிடையாது.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டீசல் எஞ்சின் சாவியைத் திருப்பினால் நிற்காது. டீசலை அடைக்க ஒரு குமிழை இழுக்க வேண்டும். சம்பத் அதற்கென்று புதுக் குமிழ் வைக்கவில்லை. பழைய சோக் குமிழிலேயே டீசலை அடைக்கும் ஸ்டாப்பர் ஒயரை மாட்டிவிட்டான். முன்பு இழுத்தால் வண்டி கிளம்பும். இப்போது இழுத்தால் நின்றுவிடும்.

மார்கழி. விடியற்காலை 4.40. சுசீலாவுக்கு மூச்சுத் திணறியது. பனி அவளுக்கு எப்போதுமே ஆகாது. ஆனால் இப்படி வந்ததில்லை. உதடு நீலமாகிவிட்டது. அந்த நேரத்துக்கு ஆட்டோ ஏது? எதிர்வீட்டுக் கோதண்டம் அண்ணன் கதவைத் தட்டினேன். கட்டிய லுங்கியோடு ஓடிவந்தார். வேன் எங்கள் வாசலில்தான் நின்றது. முந்தின நாள் சாயங்காலம் சம்பத் வந்து ஏதோ பார்த்துவிட்டு, காலையில் வருகிறேன் என்று போயிருந்தான்.

"அம்பத்தூர் நர்சிங் ஓமுக்கு இட்டுகினு பூடலாம். ஏறு தங்கச்சி, ஏறு!"

நான் பின் சீட்டில் உட்கார்ந்தேன். சுசீலா என் மடியில். முன்னால் இடது சீட் காலி.

வண்டி தடதடவென்று கிளம்பியது. ஏரிக்கரை முழுக்கப் பனி. சுசீலாவின் நெஞ்சு கீச்... கீச்... என்று சத்தம் போட்டது. அந்தச் சத்தம் இருக்கிறதா, இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஏரிக்கரை தாண்டவில்லை. எஞ்சின் நின்றது.

"இன்னாடா இது..." கோதண்டம் அண்ணன் குனிந்து பார்த்தார். கறுப்புக் குமிழ் வெளியே வந்திருந்தது. "குலுங்குனதுல வந்துக்கும்" என்று உள்ளே தள்ளினார். வண்டி கிளம்பியது.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. பெட்ரோல். நாலு மாதமாக அந்த வண்டிக்குள் ஒரு சொட்டுப் பெட்ரோல் கிடையாது.

ஆவடி மார்க்கெட் பக்கம் மறுபடி நின்றது. மறுபடி குமிழ் வெளியே. பாதி மட்டும்.

காலியான இடது சீட்டில் ஸ்பிரிங் சத்தம் கேட்டது. கிர்ர்ர்...

யாரோ திரும்பி உட்காருவது மாதிரி.

சுசீலா கண்ணைத் திறந்தாள். இரண்டு கையையும் அந்த சீட்டை நோக்கி நீட்டினாள். தூக்கிக்கொள் என்று கேட்பதுபோல. நான் அவள் கைகளை மடக்கி அணைத்துக்கொண்டேன்.

வண்டி கிளம்பியது. கோதண்டம் அண்ணன் ஒரு கையால் ஓட்டினார். இன்னொரு கையின் கட்டைவிரலால் குமிழை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

திருமுல்லைவாயில். 5.20.

அவர் விரல் பின்னால் வந்தது.

மெதுவாக... மெதுவாக... குமிழ் அவர் விரலைத் தள்ளிக்கொண்டு வந்தது.

கையை உதறிக்கொண்டார்.

"தங்கச்சி... யாரோ இஸ்க்கிறாங்க..."

பாதியில் நின்றது குமிழ்.

எஞ்சினும் நின்றது.

எனக்குத் தெரியும் அந்தக் கையை. பயம் வரவில்லை. ஐயோ பாவி மனுஷா என்றுதான் இருந்தது. எஞ்சினை மாற்றியது இவருக்கு எப்படித் தெரியும்? இவர் போனது ஆடியில். மாற்றியது ஆவணியில். குழந்தைக்கு உடம்பு முடியவில்லை, பனியில் வண்டி சிரமப்படுகிறது என்று சோக் இழுத்து உதவி செய்கிறார்.

அப்போதுதான் கவனித்தேன்.

கீச் சத்தம் இல்லை.

சுசீலா முன் சீட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா..."

நான் பேசினேன். "இந்தாங்க. எஞ்சினு மாத்தியாச்சு. அது சோக் இல்ல. நீங்க இஸ்தா வண்டி நின்னுடுது. கொயந்தைக்கு மூச்சு இல்ல. எறங்குங்க."

ஒன்றும் அசையவில்லை.

"எறங்குங்கன்றேன்!"

டக்.

இடது கதவு திறந்தது. பனி உள்ளே வந்தது. ஸ்பிரிங் மேலே எழும்பியது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

கோதண்டம் அண்ணன் குமிழைத் தள்ளி, சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பு. வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. சுசீலா வீல் என்று அலறினாள். அந்த அலறலோடு மூச்சு வந்தது.

நர்சிங் ஹோம் வாசலில் வண்டியை நிறுத்தக் குமிழை இழுத்தார். எஞ்சின் நிற்கவில்லை. முழுதாக இழுத்தார். அப்போதும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டு, குலுக்கி நிறுத்தினார். நான் எதையும் கவனிக்கும் நிலையில் இல்லை. சுசீலாவைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

பிழைத்துவிட்டாள். அன்று மத்தியானம் நர்சிங் ஹோம் வராந்தாவில் உட்கார்ந்து, அவர் போன பிறகு முதல் தடவையாக அழுதேன். உதவி செய்ய வந்த மனிதரை நடுரோட்டில், பனியில் இறக்கிவிட்டுவிட்டேனே என்று அழுதேன். ஒவ்வொரு ஆடியிலும் படையல் போடும்போது மன்னிப்புக் கேட்டேன். எட்டு வருஷம் கேட்டேன்.

1996-இல் வேனை விற்றோம். வாங்கியவன் ஓட்டிக்கொண்டு போன பிறகு, சம்பத் வாசலில் நின்று பழைய கதையெல்லாம் பேசிக்கொண்டிருந்தான். அந்த வண்டிக்கு எஞ்சின் மாற்றியது அவனுக்குப் பெருமை. பேச்சு எங்கெங்கோ போய், திடீரென்று கேட்டான்.

"அண்ணி, சுசிய ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனீங்களே, அன்னிக்கு கோதண்டம் அண்ணாத்தே வண்டிய எப்டி ஆஃப் பண்ணாரு?"

"ஏன் கேக்கற?"

"மொத நாளு சாய்ங்காலம் பாத்தேன், ஸ்டாப்பர் ஒயரு பிய்ற மாதிரி இருந்துச்சு. எஞ்சின் பக்கம் கயட்டி உட்டுட்டேன். காலைல புச்சு மாட்லாம்னு. அந்தக் கறுப்பு நாபு சும்மாதான் ஒக்காந்துகினு இருந்துது அண்ணி. எவ்ளோ இஸ்தாலும் எஞ்சினு நிக்காது."

அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

குமிழால் நிற்கவில்லை என்றால், அந்த மூன்று முறையும் வண்டி எதனால் நின்றது? நான் யாரிடமும் கேட்கவில்லை.

அந்த ஆடியில் படையல் போட்டபோது மன்னிப்புக் கேட்கவில்லை. சுசீலாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, "எது வேணா கேளுங்க, அவள மட்டும் கேக்காதீங்க" என்று சொன்னேன். வருஷா வருஷம் அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.