முப்பத்தைந்து பாகை

சூடேறிய கம்பியூட்டரின் தூசு வாசமும் வெளியே கொட்டும் மழையின் ஈரமும் சேர்ந்து மூக்கில் ஏறினால் போதும், தெரணியகலை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த அந்தக் கம்பியூட்டர் கடைக்குள் மறுபடி நுழைந்துவிடுவேன். கடைக்காரரின் தம்பி ரிஸ்வானை அண்ணன் முறையில் 'நானா' என்போம்; அவரோடு நானும் பக்கத்து வீட்டு மேரி அக்காவும் அங்கே பீரங்கி விளையாட்டு விளையாடுவோம்: அவருக்கொரு பீரங்கி, எங்கள் இருவருக்கும் ஒன்று, மாறிமாறி ஒரு குண்டு, வேகம் எப்போதும் ஒன்றே, குழலை எத்தனை பாகை நிமிர்த்துவது என்பது மட்டும் நம் கையில்.

அந்த லீவோடு என் படிப்பு நிற்கிறது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகவேண்டும் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. அதற்குப் பிறகு கம்பியூட்டர் முன்னால் எங்கே உட்காரப்போகிறேன் என்ற கவலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நானா சவால் விட்டார்: "ஜெயிச்சா லீவு முடியிற வரைக்கும் இந்தக் கம்பியூட்டர் கதிரை உங்களுக்கு. தோத்தா இந்தப் பக்கமே வரக்கூடாது, ஹரித, சரியா?"

திரையில் எங்கள் பீரங்கி மலை உச்சியில், அவருடையது கீழே தூரத்துப் பள்ளத்தில். "நாப்பத்தஞ்சுதான் ஆகத் தூரம் போகும்" என்று அவரே முன்பு சொல்லித் தந்திருந்தார். அப்படியே வைத்துச் சுட்டோம். குண்டு ஒரு விரற்கடை முன்னாலேயே விழுந்தது. அவருடைய குண்டும் தவறியது. எங்களிடம் மிச்சம் ஒன்றே ஒன்று.

"மறுபடி நாப்பத்தஞ்சே வை புள்ள, இந்தத் தடவ போயிரும்" என்றாள் அக்கா. அப்போதுதான் அம்மாவின் சத்தம் ஞாபகம் வந்தது. அம்மா மறந்துவிட்டுப் போன சோப்பை எங்கள் லயத்து வீட்டு வாசலில் இருந்து கீழே "பீலி"க்கு, அதாவது குளிக்கும் குழாயடிக்கு, வீசுவது எங்கள் வழக்கம், உயர வீசினால் பாதிவழியிலேயே விழும், அம்மா கத்துவார்: "வானத்துக்கு எறியாதடி, எனக்கு எறி!"

முப்பத்தைந்து வைத்தேன்.

"கொழுந்துக் கூடைக்கு என்னத்துக்குக் கணக்கு?" என்று நானா சிரித்தார். குண்டு தாழப் பறந்தது. ஐயோ, போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன். முதுகில் அக்கா அடித்த அடியில்தான் ஜெயித்தது தெரிந்தது! நாற்பத்தைந்து சமதரைக்குத்தான் சரி, கீழே இருப்பவனை எட்டக் குழலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், மேலே இருப்பவனுக்கு உயர்த்த வேண்டும் என்று மூச்சுவிடாமல் சொன்னேன். நானா எழுந்து, நாங்கள் உட்காரக் கதிரையை இடுப்புச் சாரத்தின் நுனியால் துடைத்துவிட்டார்.

இன்று அந்த இடத்தில் முச்சக்கரவண்டிச் சாமான் கடை. என் மகளின் போனில், குண்டு எங்கே விழும் என்று சுடுவதற்கு முன்பே புள்ளிக்கோடு காட்டிவிடுகிறது. அவள் தவறுவதே இல்லை. பஸ் பிந்தினாலே பதறுகிற நான், குண்டு அந்தரத்தில் இருக்கும் அந்த இரண்டு நொடிப் பயத்தை மட்டும் இன்னும் தேடுகிறேன்.