மருமகன் பெயரில் என் நான்கு ஆண்டுகள்

மகள் வீட்டில் தண்ணீர், மின்சாரம், இணையம், கார் எல்லாம் மருமகன் பெயரில்தான். ஓய்வுபெற்றபின் நான் கணினியில் வேலை தொடங்கியபோது அந்தக் கணக்கையும் அவரே தம் பெயரில், தம் ஐசி என்னும் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்துத் திறந்தார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை, எனக்கும்தான்.

எங்கோ இருக்கும் கம்பெனிகள் ஒலித்துண்டுகளை ஒரு தளத்தில் போடும். தமிழும் மலாயும் கலந்த பேச்சைக் கேட்டு, கணினி எழுதியதை நான் திருத்துவேன். நான்கு ஆண்டுகளில் நாற்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதின்மூன்று துண்டுகள். தவறென்று திரும்பி வந்தவை இருபத்தேழு. அவற்றிலும் பத்தொன்பதில் நான் சொன்னதே சரி.

சென்ற மாதம் அந்தத் தளம் தமிழ் வேலையை நிறுத்தியது. இன்னொரு தளம், வேறிடத்தில் செய்த வேலையையும் அனுபவமாக ஏற்பதாக அறிவித்தது. பழைய தளம் தந்த சான்றைக் காட்டினால் நேரே மூத்த திருத்துநர். இல்லையென்றால் அடியிலிருந்து தொடங்க வேண்டும். சான்றில் உள்ள பெயரும் ஐசியும் விண்ணப்பிப்பவருடையதாக இருக்க வேண்டும். தினமும் கேமராவில் முகம் காட்ட வேண்டும்.

மருமகன் பாயான் லெப்பாஸில் வேலை முடிந்து வந்து உட்காருவதற்குள் கேட்டுவிட்டேன்.

"பழைய சைட்டுக்கு எழுதுங்க மாப்பிள்ளை, வேலை செஞ்சது நான்தான்னு."

"எழுதினா கணக்கையே மூடிடுவான் மாமா. புதுசுலயும் நானே சேந்துக்கிறேன், நீங்க வழக்கம்போல செய்யுங்க. முகம்தானே, காட்டிட்டுப் போறேன் லா. தேஞ்சா போயிடும்?"

"காது என்னுது, முகம் உங்களுதா?"

"இந்த வயசுல எதுக்குப்பா சர்ட்டிபிகேட்?" என்றாள் மகள், அடுப்படியிலிருந்து. "பினாங்கு பாலத்துல ஒட்டப் போறீங்களா?"

மருமகன் சிரிக்கவில்லை. காலுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "அந்த சர்ட்டிபிகேட்டை நான் ஆபிஸ்ல புரமோஷனுக்குக் குடுத்திருக்கேன் மாமா. மொழித் திறமைன்னு. இப்பப் போயி எழுதினா நல்லாவா இருக்கும்?"

தமிழில் தம் பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வராதவர் அவர்.

"எப்பக் குடுத்தீங்க?"

"மூணு மாசம் ஆச்சு."

மறுநாள் காலை என் ஐசியைக் கொடுத்து நானே புதிய தளத்தில் சேர்ந்தேன். முன் அனுபவம் உண்டா என்று கேட்டது. 'உண்டு' என்பதை அழுத்தினேன். சான்றைப் பதிவேற்றச் சொன்னது. திரும்பி வந்து 'இல்லை' என்பதை அழுத்தினேன்.

உடனே அடிமட்டத்துக்கான முதல் வேலையாக ஒரு சாலையின் படம் வந்தது. மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றையும் சுற்றிக் கட்டம் போட வேண்டும். பதினொன்று இருந்தன. வேலைக்குக் கிளம்பிய மருமகன் என் பின்னால் நின்று பார்த்தார்.

"நாலாவது கொஞ்சம் கோணலா இருக்கு மாமா" என்றார்.

அதை அப்படியே விட்டு ஐந்தாவதுக்குப் போனேன்.