இரவல் கடிகாரமும் எங்கள் அப்பாவும்

அப்பா எங்களைவிட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இலங்கை மலையகத்தின் பூண்டுலோயாவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, கவ்வாத்துக் கத்தியோடு மலையேறித் தேயிலைச் செடி வெட்டினார். மழையும் அட்டைக்கடியும் பழகிப்போன அவருக்குப் பொய் மட்டும் கடைசிவரை பழகவில்லை. அதனால் நாங்கள் பட்ட பாடு உறவினர் அறிவர்.

நாடு சுதந்திரமடைந்த சமயம், ஹட்டனிலிருந்து ஒரு சீனக்காரர் சைக்கிளில் துணிமூட்டையோடு வருவார். துணியில் இழை விட்டிருந்தால் தானே விரித்துக் காட்டுவார். அப்பாவுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தாவோ என்றொரு நெறி தங்கள் நாட்டில் உண்டு, செதுக்காத மரக்கட்டைபோல் உள்ளபடி இருப்பதே அதில் பெரிய குணம் என்று அவர் அரைகுறைத் தமிழில் சொல்வார். அப்பா வெறுந்தேநீரை மிடறு மிடறாக ருசித்தபடி கேட்பார்.

"நானும் மரக்கட்டதான் புள்ள" என்று ஒருநாள் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

"இதச் சொல்லச் சீனாவுலேர்ந்து ஆளு வரணுமாக்கும்!" என்றார் அம்மா.

பிறகு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போய், அம்மா கவலையில் இளைத்திருந்தார். பெண் பார்க்கும் நாளில் இரவல் சாமான் வாங்கி வைப்பது லயத்து வழக்கம். ஒரே சுவர்க் கடிகாரம் எத்தனையோ மாப்பிள்ளைகளைப் பார்த்திருக்கிறது! அப்பா வேண்டாமென்றும் கேளாமல், அம்மா அதைக் கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்து வாங்கி மாட்டிவிட்டார்.

இறம்பொடையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தகப்பனார் அதை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல கடியாரமுங்க. எப்ப வாங்கினீங்க?"

"நம்மது இல்லீங்க. கணக்குப்புள்ள வீட்டுது. சாயந்தரம் திருப்பிக் குடுத்துரணும்" என்றார் அப்பா.

அம்மா கதவைப் பிடித்துக்கொண்டார். இதுவும் போயிற்று என்று எனக்கு அழுகை முட்டியது. அப்போது மாப்பிள்ளை எழுந்து தன் கோட்டைக் கழற்றினார்.

"இதுவும் எங்க தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரையா கோட்டுங்க. கக்கத்துல ரொம்ப இறுக்கிப் பிடிக்குது."

அவர் தகப்பனார் முதலில் முறைத்தார். பிறகு அவரும் சிரித்துவிட்டார். அன்றே வெற்றிலை பாக்கு மாற்றினோம். அந்தக் கோட்டுக்காரரோடுதான் இன்றும் குடித்தனம் நடத்துகிறேன்.

படுக்கையில் கிடந்தபோதும், சுகம் விசாரித்தவர்களிடம் அப்பா, "உடம்பு நல்லால்லீங்க. டீ நல்லாருக்கு" என்றுதான் சொன்னார். அவரை நினைத்தால் அழுகையோடு சிரிப்பும் வருகிறது.

இறுதிக் காரியங்களில் தோள் கொடுத்த உறவினர்க்கும் நண்பர்க்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அன்று நீங்கள் அமர்ந்த நாற்காலிகள் எங்களுடையவை அல்ல, பக்கத்து லயத்தார் தந்தவை. அப்பா இருந்திருந்தால் வாசலிலேயே சொல்லியிருப்பார்.

மூத்த மகள்