படுக்க மறுத்த படம்

அவரை எல்லோரும் அண்ணாந்தார் என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளுக்குள் சீலிங்குக்குப் பட்டி பார்த்து, வெள்ளை அடித்து, ஓரத்தில் பூவேலை வைப்பது தொழில். மேலேயே பார்த்துப் பழகிய கழுத்துக்குக் கீழே பார்ப்பது மறந்தே போயிற்று. தெருவில் எதிரே வருகிற சொந்த மச்சானை அடையாளம் தெரியாது. ஆனால் அந்த மச்சான் வீட்டு பால்கனியின் அடிப்பக்கம் எங்கே விரிசல் விட்டிருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கல்யாணப் போட்டோவில் பெண் கேமராவைப் பார்க்கிறாள், மாப்பிள்ளை கூரையைப் பார்க்கிறார். அங்கே ஒரு ஒட்டு சரியாக உட்காரவில்லையாம். மகள் பிறந்த அன்று, குழந்தையைக் கையில் கொடுத்த நர்ஸிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை, "இங்க தண்ணி ஒழுகுது." நர்ஸ் பதறிப்போய்க் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இவர் சொன்னது பிரசவ வார்டு சீலிங்கை.

சாரத்தின் மேல் மல்லாந்து படுத்திருக்கும்போது மட்டும்தான் மனிதர் சும்மா இருப்பார். தரையில் கால் பட்டதும் இருப்புக்கொள்ளாது. உட்கார்ந்தால் முழங்கால் ஆடும், நின்றால் கை எதையாவது சுரண்டும். சாப்பாட்டுத் தட்டோடு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து கடைசி வாய் விழுங்குவதற்குள் மனைவிக்குத் தலை கிறுகிறுத்துவிடும். பட்டி குழைத்துக் கொடுப்பது அந்த அம்மாள்தான். இரண்டு பேரும் ஒரு காண்ட்ராக்டருக்குக் கீழே காலமெல்லாம் அடுக்களையும் குளியலறையும் மாடிப்படி அடியுமாகவே பார்த்து முடித்தார்கள். வேலை இவர்களுடையது, பேர் காண்ட்ராக்டருடையது.

அப்படிப்பட்டவருக்கு ஒரு நாள் காலையில், யாரிடமோ இவர் நம்பரை வாங்கி, ஒரு போன் வந்தது. பழைய நாடக அரங்கம் ஒன்றைப் புதுப்பிக்கிறார்களாம். பேசியது அரங்கத்துச் சொந்தக்கார அம்மா, வெளியூரில் இருக்கிறார். சாயங்காலம் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, யாருக்கு சீலிங் வேலை என்று முடிவு செய்யப் போகிறார். அண்ணாந்தார் தன் வேலையிலேயே நல்ல வேலையை வெட்டாமல் ஒட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து அனுப்ப வேண்டும். அதுவும் அகலவாக்கில்.

"நெடுக்க எடுத்துராதீங்க. பெரிய டிவில நடுவுல நாடா தொங்குற மாதிரி இருக்கும், ஒருத்தரும் பாக்க மாட்டாங்க" என்றார் அந்த அம்மா. காண்ட்ராக்டரும் அனுப்புகிறார் என்று போகிற போக்கில் ஒரு வார்த்தை போட்டுவைத்தார். அதைக் கேட்டதும் இவர் முழங்கால் ஆட ஆரம்பித்தது.

நல்ல வேலை என்றால், அபூர்வமாகக் கிடைத்து முந்தின நாள் முடித்த டாக்டர் வீட்டு முன்கூடம். நோயாளிகள் காத்திருக்கிற இடம். சீலிங் பால் ஏடு மாதிரி இருக்கும், ஓரத்துப் பூவேலையில் ஒட்டு எங்கே என்று பூதக்கண்ணாடி வைத்தாலும் தெரியாது. மதியத்துக்கு மேல் சாரக்காரர்கள் வந்து கழிகளை அவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் எடுத்தால் உண்டு.

ஏறினார், மல்லாந்து படுத்தார், போனை அகலவாக்கில் பிடித்து எடுத்தார். இறங்கிப் பார்த்தால் படம் நெட்டுக்குத்தலாக நிற்கிறது. பக்கவாட்டில் ஓட வேண்டிய பூவேலை, மழைத்தண்ணீர்க் குழாய் மாதிரி மேலிருந்து கீழே இறங்குகிறது.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். திரை சுழலாதபடி பூட்டிக் கிடந்தது. "படுத்துக்கிட்டுப் பாத்தா படம் சுத்துதுன்னு நீங்கதானே பூட்டச் சொன்னீங்க" என்று பூட்டைத் திறந்து கொடுத்தாள். மறுபடி ஏறினார், எடுத்தார். மறுபடியும் குழாய்தான். அணைத்து உயிர்ப்பித்தார்கள். கவரைக் கழற்றினார்கள். போனை உதறினார் அண்ணாந்தார், தெர்மாமீட்டரை உதறுகிற மாதிரி. படம் அசைந்து கொடுக்கவில்லை.

தெருமுனை போன் கடைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். கடைக்காரர் போனை நிமிர்த்திச் சாய்த்துப் பார்த்தார். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி திரை திரும்பியது. கடைக்குள்ளேயே ஒரு வீடியோ எடுத்தார், அதுவும் அழகாக அகலவாக்கில் படுத்தது.

"போன்ல ஒண்ணுமில்லண்ணே. நீங்கதான் கொஞ்சம் ஆடாம இருக்கணும்" என்றார் கடைக்காரர். இவர் அப்போது அவருடைய கல்லாப்பெட்டியின் வண்ணத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்து எடுத்தார். குழாய். சாரக்காரர்கள் வந்து சேர்ந்து, வாசலில் உட்கார்ந்து டீ குடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்த அண்ணாந்தார், "என்னை மேல வர விடக் கூடாதுன்னு இதுக்கு யாரோ சொல்லிக்குடுத்திருக்காங்க" என்றார்.

மனைவி எடுத்த படங்களை எல்லாம் வரிசையாகத் தள்ளிப் பார்த்தாள். கடைப் படம் படுத்திருக்கிறது. சீலிங் படங்கள் மட்டும் ஒன்று விடாமல் நிற்கின்றன.

"ஏங்க, செத்த நில்லுங்க. எது மேல, எது கீழன்னு இதுக்கு எப்படித் தெரியுது?"

"நிமித்திப் பிடிச்சா தன்னால தெரியும்."

"மல்லாத்திப் பிடிச்சா?"

அவர் நின்றுவிட்டார். அவள் போனைப் பட்டி டப்பா மூடியின் மேல் மல்லாத்தி வைத்து, அம்மியில் குழவி சுற்றுவது போல் சுற்றினாள். திரை கல்லாக இருந்தது. அப்படியே தூக்கிச் சுவரைப் பார்க்க நிமிர்த்தி, பக்கவாட்டில் சாய்த்தாள். உடனே திரும்பியது.

"பையிலேர்ந்து நெட்டுக்க எடுக்குறீங்க, அப்படியே மல்லாத்திருறீங்க. மல்லாந்தா உங்களுக்கு உலகம் தெரியும். அதுக்குத் தெரியாது. அது பழசையே புடிச்சிட்டு இருக்கு. மொதல்ல அதுக்குச் சுவரக் காட்டுங்க. திரும்புனதும் பட்டன அமுக்கிட்டு, அப்புறம் மேல தூக்குங்க."

டீ குடித்து முடித்த சாரக்காரர்கள் அந்தப் பக்கத்துக் கழிகளை அவிழ்க்க ஆரம்பித்தார்கள். இவர் தாவி ஏறினார். பலகை ஆடுகிறது, கை பரபரக்கிறது. கீழிருந்து அவள் குரல் மட்டும் ஏறி வந்தது. "சுவரு... சுவரப் பாருங்க. திரும்பிடுச்சா? இப்ப அமுக்குங்க. மெதுவாத் தூக்குங்க, சீலிங் எங்கயும் ஓடிப்போயிராது. பூவேலை கிட்ட நில்லுங்க. நில்லுங்கன்னா நில்லுங்க."

படம் படுத்தது. அகல அகலமாக, பூவேலை கரையோடு ஓடுகிற ஆறு மாதிரி போயிற்று. ஆனால் கூடவே அவளுடைய அதட்டலும் ஒரு வார்த்தை விடாமல் பதிவாகியிருந்தது. இறங்கிக் கேட்டுவிட்டு இன்னொன்று எடுக்கலாம் என்று அவர் திரும்பினால், சாரக்காரர்கள் பலகையையும் இறக்கிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினார்.

சாயங்காலம் வரை அவர் நடந்த நடையை நீட்டிப் போட்டால் அடுத்த ஊருக்கே போய்ச் சேர்ந்திருக்கலாம். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது.

"வேலை உங்களுக்குத்தான்" என்றார் அரங்கத்து அம்மா. "ஆனா பின்னாடி ஒருத்தங்க நில்லுங்க நில்லுங்கன்னு சொன்னாங்களே, அவங்களும் வரணும். அவங்க சொன்ன எடத்துலதான் எங்க கண்ணும் நின்னுச்சு."

அதை மனைவியிடம் சொல்வதற்காக அண்ணாந்தார் தலையைக் கீழே இறக்கினார். இறக்கியவர் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தலையில என்ன வெள்ளையா இருக்கு? பட்டியா?"

"பட்டி பாதி, நரை பாதி" என்றாள் அவள். "இப்பவாவது கண்ணுல பட்டுச்சே. என்ன சொன்னாங்க, சொல்லித் தொலைங்க."

முழங்கால் மறுபடி ஆட ஆரம்பித்திருந்தது. அரங்கத்துச் சாரம் எவ்வளவு உயரம் வேண்டியிருக்கும் என்று யோசித்துக்கொண்டே அவர் வாசலுக்கு நடந்துவிட்டார்.