பன்னீர் ஒரு மூடி, ஆசிட் ஒரு மூடி

"எரியுதுக்கா."

"எரியத்தான் செய்யும். கறுப்பு என்ன, சொன்னவுடனே எழுந்து போயிடுமா? கண்ணைத் தொறக்காத."

பழைய வாரப் பத்திரிகை ஒன்றை மடித்து, நாற்காலியில் சாய்ந்திருக்கும் தென்றலின் முகத்துக்கு விசிறுகிறாள் சந்திரம்மாள். ஞாயிற்றுக்கிழமை தென்றலுக்குக் கல்யாணம். இன்று வியாழன். திருவூடல் தெருவில் செருப்புக்கடை மாடியிலுள்ள இந்த அழகு நிலையத்துக்கு வராமல் திருவண்ணாமலையில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறுவதில்லை என்பது சந்திரம்மாளின் நம்பிக்கை. போர்டில் அவள் பெயர் 'சந்திரா'. 'அம்மாள்' ரேஷன் கார்டோடு நின்றுவிட்டது.

முகத்தில் பூசியிருப்பதற்கு அவள் வைத்த பெயர் 'பால் பேஷியல்'. உண்மையில் அது லாக்டிக் அமிலம். சென்னைக்கு ஒருநாள் பயிற்சிக்குப் போனபோது, தயிரைப் புளிக்க வைப்பதே அதுதான் என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நிறையத் தண்ணீர் கலக்க வேண்டும், கண்ணில் படக்கூடாது, எரிந்தால் உடனே கழுவ வேண்டும், முதலில் காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு வைத்து ஒருநாள் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்கள். அதையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள்.

"காதுக்குப் பின்னாடி வச்சிட்டு நாளைக்கு வான்னா எவ வருவா? எதிர்த்த பார்லருக்குப் போயிடுவா!"

மருந்து வெள்ளைக் கேனில் வருகிறது. பாகு மாதிரி கெட்டி, நிறமில்லை, வாடையும் பெரிதாக இல்லை. அவளுக்கு அதுவே சான்றிதழ். "ஆசிட்னா பொகை வரணும், மூக்கைத் தொளைக்கணும். இது சாதுங்க. தயிர்ல இருக்கறதுதான்." கேனின் மேல், சொட்டு விழுந்து கை அரிபடுகிற படம் ஒன்று இருந்தது. 1999ஆம் வருஷக் காலண்டர் மகாலட்சுமியை வெட்டி அதன்மேல் ஒட்டிவிட்டாள். "பொசுங்கற கையைப் பாத்தா எவ மூஞ்சைக் காட்டுவா?" மகாலட்சுமி பாவம், நான்கு வருஷமாக அந்த அமிலத்துக்குக் காவல் இருக்கிறாள்.

அளவு, ஒரு மூடி ஆசிட்டுக்கு ஒரு மூடி பன்னீர். கலர் கம்மியான பெண் வந்தால் பன்னீரும் கம்மி. கறுப்பாகப் பிறந்த குற்றத்துக்கு அவள் கொடுக்கும் தண்டனை இது. கலக்குகிற அலுமினியக் கிண்ணத்தின் அடி குழிகுழியாக அரித்திருக்கிறது. "இப்பல்லாம் அலுமினியத்துல கலப்படம் ஜாஸ்தி" என்கிறாள். தான் மட்டும் ரப்பர் கையுறை மாட்டிக்கொள்வாள். கேட்டால், "மருதாணி வச்சிருக்கேன், கலைஞ்சிடும்." அந்த மருதாணியை இதுவரை ஒருவரும் பார்த்ததில்லை.

நேரத்துக்குக் கடிகாரம் கிடையாது, ரேடியோதான். இரண்டு பாட்டு முடிந்தால் கழுவலாம். நீளமான பாட்டாக வந்தால் அது அந்தப் பெண்ணின் தலையெழுத்து.

"அக்கா, கழுவிடட்டா? தாங்கலக்கா."

"இரும்மா, இன்னும் சரணமே வரல."

அந்த நேரம் பார்த்து மூச்சிரைக்கப் படியேறி வருகிறாள் எழிலரசி. சந்திரம்மாளின் ஒரே மகள். சாயங்காலம் வேங்கிக்காலிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்குக் கலெக்டர் ஆபீசில் வேலை.

"அம்மா, எனக்கும் அதையே போடு. சீக்கிரம்!"

விசிறிக்கொண்டிருந்த பத்திரிகை நின்றுவிட்டது. சந்திரம்மாள் கேனைப் பார்க்கிறாள். மகளின் முகத்தைப் பார்க்கிறாள்.

"உள்ள வா" என்று மகளைத் தள்ளிக்கொண்டு போய்த் திரையை இழுக்கிறாள். அவசரத்தில் திரை பாதியில் சிக்கிக்கொள்கிறது. பாட்டு முடியக் காத்திராமல் தென்றல் எழுந்து, தட்டுத்தடுமாறிக் குழாயடிக்குப் போய், தண்ணீரை வாரி வாரி முகத்தில் அடித்துக்கொள்கிறாள். நிமிர்ந்தபோது எதிர்க் கண்ணாடியில் நெருப்பாய்ச் சிவந்த தன் முகம் தெரிகிறது. அதற்குப் பின்னால் திரையின் இடைவெளியும் தெரிகிறது.

சந்திரம்மாள் கேனைத் தொடவில்லை. மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, தாளித்த தயிரிலிருந்து கடுகையும் கறிவேப்பிலையையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிகிறாள். பிறகு மகளின் கூந்தலை ஒதுக்கி, காதுக்குப் பின்னால் ஒரே ஒரு பொட்டுத் தயிரை வைக்கிறாள்.

"எரியுதாடி கண்ணு?" என்று கேட்டு, குனிந்து மெதுவாக ஊதுகிறாள்.